நாற்பது பேருக்கு எழுதினோம், ஒரே ஒரு போட்டோதான் வந்தது

கேள்வி: மயிலாடுதுறை பக்கம், அறிவுசார் குறைபாடுள்ள 46 குழந்தைகளுக்குப் பகல்நேரப் பள்ளி நடத்துகிறோம். சின்ன டிரஸ்ட். ஓய்வுபெற்ற ஆசிரியையான நான் அதன் செயலாளர். பிள்ளைகளை அழைத்து வரும் வேனுக்கு இனி எஃப்.சி. (சாலையில் ஓடத் தகுதிச் சான்று) கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். பிரபலங்கள் கையெழுத்துப் போட்ட பொருட்களை ஏலம் விட்டுப் புது வேனுக்குப் பணம் சேர்க்கலாம் என்று முடிவு செய்தோம். நடிகர்கள், பாடகர்கள், கிரிக்கெட் வீரர்கள் என்று 40 பேருக்கு மார்கழியில் கடிதம் போட்டோம். மூன்று மாதம் ஓடிவிட்டது. ஒரு நடிகரின் அலுவலகத்திலிருந்து மட்டும் கையெழுத்துடன் ஒரு போட்டோ வந்தது. எங்கள் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். தப்பு எங்கே? இணையத்தில் கையெழுத்துப் போட்ட பேட் விற்கிறார்கள், அதை வாங்கி ஏலம் விடலாமா? கூடவே 100 ரூபாய் சீட்டு போட்டுக் குலுக்கலும் நடத்தலாம் என்கிறார் எங்கள் பொருளாளர். செய்யலாமா?

பதில்:

அன்புள்ள டீச்சர், வணக்கம்.

கடிதத்தில் தப்பு இருக்கிறது, அதற்கு வருகிறேன். முதலில் நான் உங்களைக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஏலம் நடக்கும் அன்றைக்கு எதிரே நாற்காலியில் உட்காரப்போகிறவர்கள் யார்? உங்கள் கடிதத்தில் 40 பிரபலங்களின் பட்டியல் இருக்கிறது. ஏலம் கேட்கப்போகிற ஒரு ஆளின் பெயர்கூட இல்லை.

ஏலத்தில் ஒரு பொருளுக்கு விலை வைப்பது அங்கே இருக்கும் கூட்டம்தான். இதை நமக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒரு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தையொட்டி வேலில் குத்திய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். 2024இல் ஒன்பது பழம் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போனது. அதே பழத்தை மறுநாள் கும்பகோணம் மார்க்கெட்டில் வைத்தால் பத்து ரூபாய்க்குக் கேட்க ஆள் இருக்காது. காந்திக்கும் இது தெரிந்திருந்தது. 1933-34இல் ஹரிஜன நிதிக்காக ஊர் ஊராகச் சுற்றியபோது தன் கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கினார். தனக்கு வாசித்துக் கொடுத்த வரவேற்புப் பத்திரங்களையும் வந்த பரிசுகளையும் கூட்டம் கலைவதற்குள் அதே மேடையில் ஏலம் விட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நல்ல விலைக்குக் காத்திருக்கவில்லை.

பெரிய தொகைகளைப் பேப்பரில் படித்துவிட்டு இதில் இறங்குகிறவர்கள் அதிகம். ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஷேன் வார்னின் டெஸ்ட் தொப்பி 2020 ஜனவரியில் காட்டுத்தீ நிவாரணத்துக்காக 10,07,500 ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது உண்மைதான். எடுத்தது ஒரு வங்கி. நம் வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி ஒலிம்பிக்கில் பிடித்த வாள், பிரதமருக்கு வந்த பரிசுப் பொருட்களின் ஏலத்தில் 2021இல் 1.25 கோடி ரூபாய்க்குப் போனது. அது மத்திய அரசே நடத்திய ஏலம். 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் போட்டிருந்த சட்டையை இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஜோஸ் பட்லர் கொரோனா நேரத்தில் லண்டன் மருத்துவமனைகளுக்காக இணையத்தில் ஏலம் விட்டார். 65,100 பவுண்டு கிடைத்தது. கேட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். உங்கள் மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள். அந்த நூறு பேருக்கு எது வேண்டும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் பிரபலத்தைத் தேடுங்கள்.

மயிலாடுதுறை, கும்பகோணம், சீர்காழி வட்டாரத்தில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு வரக்கூடியவர்கள் யார்? டாக்டர்கள், நகைக்கடைக்காரர்கள், ரைஸ்மில் முதலாளிகள், ரோட்டரி, லயன்ஸ் ஆட்கள். உங்களிடம் படித்துவிட்டு இன்றைக்குச் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறவர்கள். இவர்களில் பத்துப் பேரிடம் போனில் பேசுங்கள். "யார் கையெழுத்தென்றால் நீங்கள் 10,000 ரூபாய் கொடுத்து எடுப்பீர்கள்?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பதில்கள் உங்கள் 40 பேர் பட்டியலோடு ஒத்துப்போகாது என்று இப்போதே சொல்கிறேன். செஸ் கிளாஸுக்கு மகளை அனுப்பும் டாக்டருக்கு நடிகர் போட்டோ எதற்கு?

செஸ் என்றதும் ஒன்று. ஆனந்த், குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி எல்லோரும் சென்னைக்காரர்கள். சுருட்டி வைக்கிற வினைல் செஸ் போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், தபாலில் உடையாது, வெள்ளைக் கட்டங்களில் மார்க்கரால் எழுதலாம். ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டம் போட்டு மாட்ட அழகான பொருள்.

இன்னொன்று உங்கள் வாசலிலேயே இருக்கிறது. நாதஸ்வரத்துக்குப் பேர்போன மண்ணில் உட்கார்ந்துகொண்டு மும்பைக்கு ஏன் கடிதம் போடுகிறீர்கள்? நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் முனையில் பொருத்தி ஊதும் சீவாளிக்குத் திருவாவடுதுறை. பெயர்பெற்ற வித்வான் ஒருவர் கச்சேரியில் வாசித்துத் தேய்ந்த சீவாளியை, அவர் கையெழுத்திட்ட அட்டையோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். தஞ்சாவூர் ஜில்லாக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் போட்டி போடுவார். பயன்படுத்திய பொருளுக்கு வெறும் கையெழுத்தைவிட மதிப்பு கூடுதல் என்பது இந்தத் தொழிலில் எப்போதுமே உண்மை. வார்னின் தொப்பியும் பட்லரின் சட்டையும் அப்படித்தான்.

எழுத்தாளர்களையும் மறந்துவிடாதீர்கள். கையெழுத்து வாங்க அவர்களைவிட எளிதானவர்கள் கிடையாது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் நேரில் பார்த்தே வாங்கிவிடலாம். பெரிய தொகைக்குப் போகாது, ஆனால் ஏலத்தின் ஆரம்பத்தில் கூட்டம் சூடுபிடிக்க இரண்டு மூன்று சின்னப் பொருட்கள் தேவை.

சரி, கடிதத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பியது இரண்டு பக்கம். "கோடானுகோடி ரசிகர்களின் நெஞ்சில் நீங்கா இடம்பிடித்த கலைத்தாயின் தவப்புதல்வர் அவர்களுக்கு" என்று தொடங்குகிறது. இதே வரி கிரிக்கெட் வீரர்களுக்கும் போயிருக்கிறது, அதுவும் தமிழ் தெரியாதவர்களுக்கு. முதல் பக்கம் முழுக்க டிரஸ்டின் வரலாறும் அறங்காவலர்களின் பெயர்களும். இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் "தங்களால் இயன்ற ஏதேனும் ஒரு பொருளைத் தந்து உதவ வேண்டுகிறோம்" என்று வருகிறது.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது அந்த நடிகர் அல்ல. அவருடைய அலுவலகத்தில் ஒரு உதவியாளர். அவர் மேசையில் திருமண அழைப்பிதழும் கதை சொல்ல வாய்ப்புக் கேட்கும் கடிதமும் மருத்துவ உதவி மனுவும் கிடக்கும். முதல் மூன்று வரியில் விஷயம் என்ன என்று தெரியாவிட்டால் அடுத்த கடிதத்தை எடுத்துவிடுவார். தெரிந்தாலும், "ஏதேனும் ஒரு பொருள்" என்றால் அதை யோசித்து, தேடி, கேட்டு, கட்டி அனுப்ப வேண்டும். அது வேலை. நீங்கள் கேட்பது அரை நிமிடத்தில் முடிகிற காரியமாக இருக்க வேண்டும். கேட்கும் பொருள் கடிதத்தோடேயே உள்ளே இருக்க வேண்டும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். மயிலாடுதுறை அருகே அறிவுசார் குறைபாடுள்ள 46 குழந்தைகள் படிக்கும் பள்ளியை நடத்துகிறோம். அவர்களை அழைத்துவரப் புது வேன் வாங்க வரும் தை மாதம் ஓர் ஏலம் நடத்துகிறோம். இத்துடன் உள்ள செஸ் போர்டின் ஒரு வெள்ளைக் கட்டத்தில் நீங்கள் கையெழுத்திட்டுத் தந்தால் அதை ஏலத்தில் வைப்போம். மார்க்கர் பேனா உள்ளே இருக்கிறது. எங்கள் ஆள் சென்னையில் இருக்கிறார். நீங்கள் சொல்லும் நாளில் உங்கள் அலுவலகத்துக்கு வந்து வாங்கிக்கொள்வார்.

பொருள் எங்கள் கைக்கு வந்த பிறகும், உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் போட மாட்டோம். கிடைக்கும் தொகை முழுவதும் வேன் கணக்குக்குப் போகும். ஏலம் முடிந்ததும் கணக்கை உங்களுக்கு அனுப்புவோம். டிரஸ்டின் பதிவுச் சான்று நகல் இணைத்திருக்கிறோம். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள எண்ணில் கூப்பிடலாம். இயலாவிட்டால் பரவாயில்லை, பதில்கூட எழுத வேண்டாம்."

அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் பாதி. இதற்கு மேலே ஒரே ஒரு வரி, அந்த ஆளுக்கு மட்டும் பொருந்துகிற வரி சேர்க்கலாம். அது உண்மையாக இருக்க வேண்டும். "எங்கள் பள்ளியில் ஒரு பையன் தினமும் உங்கள் பாட்டைப் போட்டால்தான் சாப்பிடுவான்" என்பது நிஜமென்றால் எழுதுங்கள். நிஜமில்லாவிட்டால் விட்டுவிடுங்கள், டீச்சர். இப்படி ஆயிரம் வரி படித்தவர்கள் அவர்கள். குழந்தைகளின் படத்தை உள்ளே வைத்து உருக்கப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்காது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் அந்தப் படங்கள் ஊர்சுற்றக் கூடாது என்பது ஒரு பக்கம். உதவியாளருக்கு அதைவிடப் பதிவுச் சான்றுதான் பயன்படும் என்பது இன்னொரு பக்கம். தமிழ் படிக்காதவர்களுக்கு இதையே ஆங்கிலத்தில் அனுப்புங்கள்.

யாருக்கு அனுப்புவது? வீட்டு முகவரிக்கு அனுப்பாதீர்கள். நடிகர் என்றால் அவருடைய மேனேஜர் அல்லது பி.ஆர்.ஓ. சினிமா போஸ்டரின் கீழ் வரிசையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் "மக்கள் தொடர்பு" என்று ஒரு பெயர் இருக்கும். அந்த மனிதருக்குத் தினமும் நூறு போன் வந்தாலும், யாரிடம் எப்போது எதைக் கேட்கலாம் என்று அவருக்குத்தான் தெரியும். விளையாட்டு வீரர் என்றால் அவருடைய ஏஜென்சி, இல்லாவிட்டால் பயிற்சியாளர். எழுத்தாளர் என்றால் பதிப்பகம். சங்கீத வித்வான் என்றால் பெரும்பாலும் சிஷ்யர் யாராவது போன் எடுப்பார். நீங்கள் மார்கழியில் எழுதினீர்கள். பாடகர்களுக்கு அந்த மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. கிரிக்கெட்காரர்களுக்கு ஐ.பி.எல். நடக்கும் மாதங்களில் எழுத வேண்டாம், நடிகருக்குப் படம் வெளியாகும் வாரத்தில் வேண்டாம். ஏலத்துக்கு நான்கு மாதம் முன்னால் அனுப்புங்கள். மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் நச்சரித்தால் அடுத்த வருடமும் கதவு திறக்காது.

நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தைப் போடுவதைவிட, எட்டுப் பேருக்கு எட்டுக் கடிதம் எழுதுவது பலன் தரும். அந்த எட்டுப் பேரில் ஐந்து பேரையாவது யார் மூலமாவது எட்ட முடிகிறதா என்று பாருங்கள். 30 வருடம் பாடம் நடத்தியவர் நீங்கள். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டால், உதவி இயக்குநராக ஒருவர், ஆடிட்டராக ஒருவர், சபா செயலாளருக்கு மருமகனாக ஒருவர் கட்டாயம் கிளம்புவார்கள். ஆனால் பிரபலத்துக்கே வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். எண் எப்படிக் கிடைத்தது என்ற எரிச்சல்தான் முதலில் வரும்.

பிரபலங்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அறக்கட்டளை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி விற்றுவிடும் ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நிலவில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், தான் இலவசமாகப் போட்டுக்கொடுத்த கையெழுத்துகள் விற்பனைக்குப் போவதைப் பார்த்துவிட்டு 1994 வாக்கில் கையெழுத்துப் போடுவதையே நிறுத்திக்கொண்டார். அதனால் கையெழுத்தின் கீழே உங்கள் பள்ளியின் பெயரையும் ஏலத்தின் வருடத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். சேகரிப்பாளர்கள் வெறும் கையெழுத்தைத்தான் விரும்புவார்கள், பெயர் சேர்ந்தால் விலை குறையும் என்று யாராவது சொல்லலாம். உங்கள் மண்டபத்தில் சேகரிப்பாளர்கள் இருக்க மாட்டார்கள். போடுகிறவருக்கு நம்பிக்கை வரும், எடுக்கிறவருக்கு அதுவே சான்று.

சான்று என்றதும் உங்களுக்கு வந்த அந்தப் போட்டோ. நீங்கள் அனுப்பிய ஸ்கேனை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. போட்டோவை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பேனா மையென்றால் படத்தின் பளபளப்பிலிருந்து வேறுபட்டு மேலே நிற்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். கையெழுத்தின் கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது படத்தோடு சேர்ந்து அச்சானது. அலுவலகங்கள் ரசிகர்களுக்கு அனுப்புவதில் பெரும்பாலும் இந்த வகைதான், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அச்சு என்றால் ஏலத்தில் வைக்காதீர்கள். மை என்றாலும், "இது அவரே போட்டதா?" என்று அந்த அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். உதவியாளர் போட்டுக்கொடுக்கும் கையெழுத்தும் உண்டு. இனி வரும் ஒவ்வொரு பொருளுக்கும், கையெழுத்திடும்போது போனில் ஒரு போட்டோ, மேனேஜரிடமிருந்து இரண்டு வரி மெயில், இந்த இரண்டையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் எடுப்பவருக்கு அதன் நகலைக் கொடுங்கள்.

இணையத்தில் பேட் வாங்கி ஏலம் விடும் யோசனை வேண்டவே வேண்டாம். 1990களின் கடைசியில் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தபோது, அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்கள்கூடச் சிக்கின. சான்றிதழ் ஒட்டித்தான் விற்பார்கள். விலை கொடுத்து வாங்கியது ஏலத்தில் குறைவாகப் போனால் நஷ்டம் டிரஸ்டுக்கு. போலி என்று பிறகு தெரிந்தால் போகிற பேர் உங்களுடையது.

குலுக்கலும் வேண்டாம். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இலிருந்து தடை. பரிசுத் திட்டங்களைத் தடுக்க 1979லேயே தனிச் சட்டம் உண்டு. நல்ல காரியத்துக்கு என்றாலும் 100 ரூபாய்க்குச் சீட்டு விற்றுக் குலுக்கிப் பரிசு கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. பொருளாளரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வரி விஷயத்தில் உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பொருளாகத் தரும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது, ஆகவே "வரிவிலக்கு உண்டு" என்று பிரபலத்துக்கு எழுதாதீர்கள். ஏலம் எடுப்பவர் பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்குகிறார், அதை முழு நன்கொடையாகக் காட்டி ரசீது போடலாமா என்பதை ஆடிட்டர் சொல்லட்டும். வெளிநாட்டில் இருந்து கேட்பவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் சிக்கல் இல்லை, வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், உங்களிடம் வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் அந்தப் பணத்தைத் தொட வேண்டாம். சிங்கப்பூர் மாணவர்களிடம் இதைச் சங்கடப்படாமல் கேட்டுவிடுங்கள். பிரபலத்தின் படத்தை அனுமதியின்றி ஃபிளெக்ஸில் போடுவதும் கூடாது. ரஜினிகாந்த் தொடுத்த ஒரு வழக்கில் 2015லேயே சென்னை உயர் நீதிமன்றம் பெயர், உருவம் மீதான அவருடைய உரிமையை ஏற்றிருக்கிறது.

அனுப்பும் முறையில் இரண்டு சொல்ல வேண்டும். ரிஜிஸ்டர் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டில் சேர்ந்துவிட்டது, அதனால் ஸ்பீட் போஸ்டிலேயே அனுப்பி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு அளவு பேட்டை அனுப்பாதீர்கள், பெரிய பார்சலைப் பிரிக்கவே யோசிப்பார்கள். சின்ன பேட், கெட்டி அட்டை, செஸ் போர்டு, இவை போதும். மார்க்கரை முதலில் அதே பொருளின் ஓரத்தில் எழுதிப் பாருங்கள். பளபளப்பான போட்டோவில் சில பேனாக்கள் காயாமல் தீற்றிவிடும்.

ஏல நாளுக்கு எட்டு முதல் பத்துப் பொருட்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் அடிப்படை விலை வையுங்கள். அந்த விலைக்கு முதல் குரல் கொடுக்க ஓர் ஆளை முன்பே பேசி வையுங்கள், உண்மையாகவே எடுக்கத் தயாராக இருப்பவராக. விலையை ஏற்றிவிடுவதற்காகப் போலியாகக் கேட்க ஆள் வைப்பது ஏமாற்று, அதைச் சொல்லவில்லை. மண்டப வாடகையை ஒரு கடைக்காரர் ஏற்றுக்கொண்டால் நல்லது. அது நடக்காவிட்டால் ரோட்டரி கூட்டம் ஒன்றின் கடைசி அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டமும் இருக்கும், செலவும் இருக்காது.

முடிந்ததும் ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் போக வேண்டும், கையெழுத்துப் போட்டவருக்கும் அதை வாங்கித்தந்த மேனேஜருக்கும் தனித்தனியாக. மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, வேனுக்கு இன்னும் எவ்வளவு தேவை என்று எழுதுங்கள். பொருள்வாரியான விலையை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். ஒருவருடைய போர்டு 40,000 ரூபாய்க்கும் இன்னொருவருடைய அட்டை 1,500 ரூபாய்க்கும் போயிருக்கும். அந்த 1,500 ரூபாய்க்காரரின் பெயரைத் தலைப்பில் வைத்து ஒரு யூடியூப் சேனல் வீடியோ போட்டுவிட்டால், நீங்கள் என்ன விளக்கம் சொன்னாலும் அந்த அலுவலகத்தில் எடுபடாது.